கடல் தெரியும் மேசை

'ஸீ ஃபேசிங்கா, கார்டன் ஃபேசிங்கா சார்?' என்று போனில் கேட்ட பெண்ணுக்கு மிஞ்சிப் போனால் இருபத்திரண்டு வயது இருக்கும். கடலைப் பார்த்த மேசை என்றால் குறைந்தது ஆறாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட வேண்டுமாம். தோட்டத்தைப் பார்த்த மேசைக்கு அந்த நிபந்தனை கிடையாது. 'நாலு பேர்தாம்மா. ஆறாயிரத்துக்குச் சாப்பிட வயிறு வேணுமே' என்றேன். 'ஈஸியா வந்துடும் சார்' என்றாள் ஆறுதலாக. அவள் சொன்னது சரி. ஈஸியாக வந்தது.

எண்பதுகளில் ஒரே ஹாஸ்டலில் கிடந்த நாலு பேர் நாங்கள். ஒருவன் அமெரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்டான். ஒருவன் வங்கியில் சேர்ந்து, எல்லா ஊருக்கும் மாற்றலாகி, சமீபத்தில் ரிட்டையர் ஆனான். மூன்றாமவன் நாகப்பட்டினத்துக்காரன், அப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள், இவன் மட்டும் இன்ஜினீயரிங் படித்தான். நான்காவது இதை எழுதுகிறவன். அமெரிக்கன் ஆறு வருடம் கழித்து வந்திருந்தான். 'எனக்கு ஒண்ணும் வேணாம்டா. கடலைப் பாத்துக்கிட்டு நல்ல மீன் சாப்பிடணும், உங்க மூணு பேரோட பேசணும்' என்றான். மூன்று ஆசைகளும் நியாயமானவை. மூன்றையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்ததுதான் பிசகு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது அந்த உணவகம். பெயர் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி அந்தச் சாலையில் இன்னும் பல இருக்கின்றன, இது அவற்றில் மோசமானதும் இல்லை. சவுக்குத் தோப்பு, கூழாங்கல் பாதை, வாசலில் உருளியில் மிதக்கும் பூ, வெள்ளைச் சுவர், நீலக் கதவு. கேரளாவும் கிரீஸும் கல்யாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு அலங்காரம்.

மெனு கார்டின் முதல் பக்கத்திலேயே 'ஸன்செட் ஸ்பெஷல்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் இருப்பது கோரமண்டல் கரை. இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அஸ்தமிப்பது மேற்கே, அதாவது கார் பார்க்கிங் பக்கம். அன்றைக்கும் அது ஒழுங்காக ஆறரை மணிவாக்கில், வாட்ச்மேன் கூண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் அழகாகத்தான் மறைந்தது. யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் எதிர்த்திசையில் கடலைப் பார்த்துக்கொண்டு ஸன்செட் ஸ்பெஷல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கோவாவிலும் கோவளத்திலும் (கேரளக் கோவளம், நம் கோவளம் இல்லை) இது சரிப்படும். அங்கே கடல் மேற்கே. சாயங்கால மேசை, சிவந்த வானம், கையில் கோப்பை எல்லாம் அந்தக் கரைக்கு உண்டான ஏற்பாடு. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட்டால், ஏழு மணிக்கு மேல் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து இருட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் கரைக்கு விடியற்காலைதான் காட்சி. ஐந்தே முக்கால் மணிக்குக் கடலுக்குள்ளிருந்து சூரியன் வருவதையும், படகுகள் கரையேறுவதையும் பார்க்க ஒரு மேசை போட்டு, சுடச்சுட இட்லியும் மீன்குழம்பும் கொடுக்கிற உணவகம் சென்னையிலிருந்து புதுச்சேரி வரைக்கும் என் கண்ணில் பட்டதில்லை. பௌர்ணமி ராத்திரி மட்டும் விதிவிலக்கு. நாங்கள் போனது தேய்பிறை.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: முதல் இருபது நிமிடம் காட்சி பிரமாதம். வானம் ஊதா நிறமாகி, கடல் ஈயம் மாதிரி மின்னி, தொலைவில் இரண்டு ஃபைபர் படகுகள். அமெரிக்கன் எழுந்து நின்று போட்டோ எடுத்தான். அப்புறம் இருட்டிவிட்டது. உள்ளே விளக்குப் போட்டார்கள். ஏ.சி. ஹால், முழுக் கண்ணாடிச் சுவர். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் கண்ணாடி என்ன செய்யும்? முகம் காட்டும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம், அறுபதை நெருங்கும் நாலு வழுக்கைத் தலைகளின் பிரதிபிம்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது அத்தனை ரம்மியமான காட்சி இல்லை.

இதை ஈடுகட்ட நிர்வாகம் மணலை நோக்கி இரண்டு பெரிய ஃப்ளட்லைட் போட்டிருக்கிறது. அலை நுரை மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. இந்த விளக்குகளால் வேறொரு தொந்தரவு உண்டு. பங்குனி ஆமைகள் முட்டையிடுகிற கரை இது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடும். மே மாதத்திலும் குஞ்சுகள் வெளிவரும். குஞ்சுகளுக்கு வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று பிறவியிலேயே ஒரு கணக்கு. ஃப்ளட்லைட்டைப் பார்த்தால் அவை கடலை விட்டு உணவகத்தை நோக்கி நடக்க ஆரம்பிக்கும். 1970-களிலிருந்து சென்னைப் பையன்களும் பெண்களும் ராத்திரி ராத்திரியாக இந்த மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்றி வருகிறார்கள். நாம் கடைசி இருபது மீட்டரில் விளக்குப் போட்டுக் கெடுக்கிறோம்.

உட்காரும் ஏற்பாட்டுக்கு வருகிறேன். கடலைப் பார்த்த மேசை என்பதை அவர்கள் ரொம்ப விசுவாசமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நீள மேசை, நாலு நாற்காலிகளும் ஒரே பக்கம், கண்ணாடியைப் பார்த்து. பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி. பக்கத்தில் இருப்பவனோடு பேசலாம். நாலாவது ஆளோடு பேச முன்னால் குனிந்து, நடுவில் இருக்கும் இரண்டு பேருக்கும் ஸாரி சொல்லி, கத்த வேண்டும். நண்பர்கள் சாப்பிடப் போவது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க. முகத்தைப் பார்க்காமல் பேசுகிற பேச்சு டாக்டர் வெயிட்டிங் ரூமில் நடக்கிற பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது: சர்க்கரை அளவு, பையன் வேலை, ரியல் எஸ்டேட்.

நாகை நண்பன் மட்டும் வந்தவுடனே தன் நாற்காலியைத் தூக்கி எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டான். கண்ணாடிக்கு முதுகு, எங்களுக்கு முகம். பரிமாற வந்த பையன் பதறிவிட்டான். அஸ்ஸாம் பக்கத்துப் பையன். 'ஸார், வியூ இந்தப் பக்கம்' என்றான் இங்கிலீஷில். 'தெரியும் தம்பி' என்றான் இவன் தமிழில். பையன் விடுவதாக இல்லை. தண்ணீர் ஊற்ற வந்தபோது ஒரு தரம், சூப் கொண்டுவந்தபோது ஒரு தரம் 'வியூ, ஸார்' என்று ஞாபகப்படுத்தினான். ஆறாயிரம் ரூபாய் கட்டிவிட்டு ஒருவர் பார்க்காமல் இருப்பது அவனுக்குத் தாங்கவில்லை.

சாப்பாடு. சூப் சூடாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. கணவாய் வறுவல் வந்தது, 'கலமாரி' என்ற பெயரில். கணவாயைச் சமைக்க இரண்டே வழிதான்: நல்ல சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம், அல்லது சின்னத் தீயில் முக்கால் மணி. நடுவில் எங்கே நிறுத்தினாலும் ரப்பர். இவர்கள் சரியாக நடுவில் நிறுத்தியிருந்தார்கள். இறால் நன்றாக இருந்தது. பூண்டும் மிளகும் போட்டு, அளவாக வதக்கி, ஓட்டோடு. இதைச் செய்தவர் கை தெரிந்தவர். வங்கி நண்பன் இரண்டாவது தட்டுக்குச் சொன்னான். பரோட்டா பரவாயில்லை.

பிறகு 'கேட்ச் ஆஃப் தி டே'. அன்றைக்குப் பிடித்த மீன், எலுமிச்சை வெண்ணெய் சாஸில். விலை போடாமல் 'மார்க்கெட் ரேட்' என்று அச்சடித்திருந்தார்கள். 'இன்னைக்கு என்ன மீன்?' என்று கேட்டேன். பையன் கிச்சனுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து, 'ஃபிஷ், ஸார்' என்றான்.

வந்தது. வெள்ளை வெளேரென்று, செவ்வகமாக, முள்ளில்லாமல், தோலில்லாமல், தலையில்லாமல். நாகை நண்பன் ஃபோர்க்கை வைத்து ஒரு ஓரத்தைப் புரட்டினான். வாயில் போடவில்லை. 'இது கடல் மீனே இல்லடா' என்றான்.

மேனேஜரைக் கூப்பிட்டோம். அவர் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னார்: 'பாஸா ஸார். ப்ரீமியம் ஃபில்லே.'

பாஸா என்பது வியட்நாமில் மீகாங் ஆற்றுப் பக்கத்துக் கெளுத்தி வகை. அங்கே குளங்களில் வளர்த்து, துண்டுபோட்டு, உறையவைத்து உலகம் பூரா அனுப்புகிறார்கள். அதன் சொந்தக்காரனான இன்னொரு கெளுத்தியை ஆந்திராவில் ஏராளமாகக் குளம் வெட்டி வளர்க்கிறார்கள். அதையும் நம் ஓட்டல்களில் பாஸா என்றே விற்கிறார்கள். கெட்ட மீன் என்று சொல்ல மாட்டேன். மலிவு, வாடை கிடையாது, எந்த மசாலாவுக்கும் வளைந்து கொடுக்கும், குழந்தைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம். ஆனால் அது கடலையே பார்க்காத மீன். வங்காள விரிகுடாவிலிருந்து நூறடி தூரத்தில், கடலைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு, குளத்து மீனை 'இன்றைக்குப் பிடித்தது' என்று தட்டில் வைப்பது சமையல் குற்றம் இல்லை. கதை எழுதுகிற வேலை.

'மே மாசம் ஸார், பேன் பீரியட். நாங்க என்ன செய்ய?' என்றார் மேனேஜர். அவர் பக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. வருடா வருடம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்கிற காலம். 2001-இல் ஆரம்பித்தபோது 45 நாள். 2017-இல் 61 ஆக்கினார்கள். ஆகவே அந்த இரண்டு மாதம் வஞ்சிரம் வேண்டும், வவ்வால் வேண்டும் என்று யார் கேட்டாலும், மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வரும், அல்லது ஃப்ரீஸரிலிருந்து வரும். விலை கூரையில் நிற்கும்.

மீதிப் பாதி நியாயத்தைச் சொன்னது நாகை நண்பன். தடை விசைப்படகுக்குத்தான். ஃபைபர் படகுக்கும் கட்டுமரத்துக்கும் இல்லை. 'இதோ வெளிய ரெண்டு வெளிச்சம் தெரியுதுல்ல, அது என்ன, பொழுதுபோகாம நிக்கிறானா?' என்றான், திரும்பிப் பார்க்காமலே. (உள்ளே வரும்போது பார்த்து வைத்திருக்கிறான்.) அந்தப் படகுகளில் வருவது கிழங்கான், காரப்பொடி, நெத்திலி, சாளை, காணாங்கத்தை, சமயத்தில் நாலு நண்டு, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கொடுவா. உணவகத்தின் மதிலைத் தாண்டி அரை கிலோமீட்டரில் குப்பம். அங்கே காலையில் மணலில் குவித்து வைத்து விற்கிறார்கள். 'கிழங்கானை மஞ்சத்தூள், மிளகாத்தூள், உப்பு போட்டு வறுத்தா இந்த ஊர்ல அதுக்கு மேல மீனே கிடையாது. ஆனா மெனுவில போட மாட்டான்.'

'ஏன்?'

'முள்ளுடா.'

இந்த இடத்தில் உணவகத்தைத் திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. முள்ளில்லாத மீனைக் கேட்டது யார்? நாம்தான். என் வீட்டிலேயே, பையன் பத்து வயதில் தொண்டையில் ஒரு முள் சிக்கி, ஒரு உருண்டை சாதத்தை விழுங்கிச் சரியான நாளிலிருந்து, சங்கராகூட வாங்குவதில்லை. வஞ்சிரம் துண்டு, இல்லையென்றால் ஒன்றுமில்லை. நெத்திலிக்குத் தலை கிள்ளுவது எப்படி என்று என் அம்மாவுக்குத் தெரியும். என் மனைவிக்குத் தெரியும், பொழுதில்லை. என் மருமகளுக்கு அது பூனைக்குப் போடுகிற சமாச்சாரம். இப்படி ஒவ்வொரு வீடாக முள்ளைக் கைவிட்டதன் மொத்தக் கூட்டுத்தொகைதான் அந்த வெள்ளைச் செவ்வகம். செஃப் நமக்குப் பிடித்ததைச் செய்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. அரைத் தகுதி உண்டு, பில் கட்டியதால்.

சாப்பாட்டு வழிகாட்டி எழுதுவது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம்மிடம் பல நூற்றாண்டுகளுக்கு முந்தையதே இருக்கிறது. பத்துப்பாட்டில் வருகிற ஆற்றுப்படைகள் வேறென்ன? பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வருகிற பாணனிடம், 'இந்த வழியாகப் போ, இந்த ஊரில் இது கிடைக்கும்' என்று சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் இதே கிழக்குக் கரையில் பாணனைக் கூட்டிப் போகிறார். எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர்; மரக்காணம் பக்கம் என்கிறார்கள். அங்கே காய்ந்த குழல் மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள், நுளையர் வீட்டுப் பெண் வடித்த தேறலோடு. கரையை விட்டு உள்ளே போனால் வேலூர் (இன்றைய வேலூர் அல்ல). அங்கே புளி போட்ட சூடான சோறும் காட்டுப்பசுவின் சூட்டிறைச்சியும். ஆமூர் போனால் உழவர் வீட்டில் வெள்ளைச் சோறும் நண்டும்.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் சுவாரசியம். அதில் நீர்ப்பெயற்று என்றொரு துறைமுகம். ஏணி போட்டாலும் ஏற முடியாத உயரத்தில் ராத்திரி விளக்கு எரியும் கலங்கரை விளக்கம், வெள்ளைப் பிடரிக் குதிரைகளோடு வந்து நிற்கிற கப்பல்கள் என்று பிரமாதமான வியூ. அந்த ஊர் இன்றைய மாமல்லபுரமாக இருக்கலாம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். சரி, அங்கே என்ன மீன் பரிந்துரைக்கிறார் உருத்திரங்கண்ணனார்? மீனே இல்லை. கொழுக்க வைத்த ஆண் பன்றியின் இறைச்சியும் கள்ளும்! துறைமுக ஊரில் பன்றிதான் விசேஷம் என்றால் பன்றி என்று சொல்லிவிடுகிறார். கடல் தெரிகிறது என்பதற்காக மீன் இருப்பதாக நடிக்கவில்லை.

இந்தப் பாட்டுகளில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு உணவுக்கும் ஒரு ஆள் இருப்பது. இன்ன ஊர், இன்ன தொழில்காரர் வீடு, இன்ன பொருள். நாங்கள் சாப்பிட்ட இடத்து மெனு முப்பத்தாறு பக்கம். கெட்டி அட்டை, கடல் படங்கள். அதில் ஒரு மீனுக்குக்கூடத் தமிழ்ப் பெயர் இல்லை. எந்தக் கரையில் வாங்கியது என்றும் ஒரு வரி இல்லை. சமையல்காரரின் படம் இருக்கிறது. மீன் பிடித்தவர்கள் பக்கத்து மதிலுக்கு அப்பால் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த மதிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணல் மேல் கயிறு கட்டி, 'ப்ரைவேட் பீச்' என்று பலகை. அலை ஏறி இறங்குகிற மணல் சர்க்கார் நிலம்; அதில் யாருக்கும் தனிப் பட்டா கிடையாது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிப்பு, அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019-இல் திருத்தியபோது, ஜனநெருக்கம் அதிகமுள்ள கிராமப்புறக் கரைகளில் அந்த 200-ஐ 50 ஆக்கினார்கள். மீனவர் வீட்டுக்கு இடம் வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, நல்ல காரணம்தான். ஆனால் அந்த இடைவெளியில் முதலில் மேசை போடுவது யார் என்பதற்கு எங்கள் ரிசர்வேஷனே சாட்சி.

நல்ல காட்சி உள்ள இடத்தில் சாப்பாடு ஏன் சுமாராக இருக்கிறது? ஊட்டி, கொடைக்கானல், கன்னியாகுமரி எங்கேயும் இந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். என் சிற்றறிவுக்கு எட்டிய வரை, காரணம் வாடிக்கையாளர்தான். தெருமுனை மெஸ்ஸுக்கு நாளைக்கும் நீங்கள் வர வேண்டும்; குழம்பு கெட்டால் கடை போச்சு. காட்சிக் கடைக்கு நீங்கள் இன்னொரு முறை வருவதே சந்தேகம். நாளைக்கு வேறு ஆள் வருவார், கடல் இங்கேயே இருக்கும். கடலுக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. இப்படி ஒரு ஊழியர் கிடைத்தபின் சமையல்காரருக்கு அதிகச் செலவு செய்ய யாருக்குத் தோன்றும்?

தள்ளுவண்டியில் மீன் வறுவல் சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களை ஏமாற்றப் போவதில்லை. சாலையோர வண்டிகளில் தீயணைப்பு வண்டி நிறத்தில் கலர்பொடி போடுகிறார்கள். எண்ணெய் எத்தனை நாள் பழசு என்று எண்ணெய்க்கே மறந்திருக்கும். கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பொருத்தமான ஒரே பண்டத்தை மெரினா ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது: தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். காகிதப் பொட்டலம், ஒரு கை போதும், கண்ணுக்கு வேலையில்லை, ஆறினாலும் பாதகமில்லை, கடல் காற்றில் உப்பு கொஞ்சம் கூடினால் ருசிதான் ஏறும். கண் கடல் மேல், கை சுண்டல் மேல், காது நண்பன் மேல். முள் மீனும் நண்டும் அப்படியில்லை. அவை முழு கவனத்தையும் கேட்கும். கடலைப் பார்த்துக்கொண்டு கிழங்கான் சாப்பிட்டால் தொண்டையில் சிக்கும். பாஸாவுக்கு முன்னால் காட்சியை வைத்ததில் ஒரு தர்க்கம் இருக்கத்தான் செய்கிறது.

பில் வந்தது. ஒன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அதில் பத்து சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்'. வங்கி நண்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றம் வழிகாட்டுதல் சரிதான் என்றது. இதையெல்லாம் அவன் ஒரு லோன் ஃபைலைப் படிக்கிற குரலில் சொல்ல, மேனேஜர் வாதாடாமல் எடுத்துவிட்டார். எடுத்த தொகையில் பாதியை அஸ்ஸாம் பையன் கையில் கொடுத்தோம்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். மெயின் கோர்ஸ் தட்டுகளை எடுத்தபிறகு, பையன் நாலாவது முறையாக 'வியூ' என்றபோது, அமெரிக்கனும் சேர்ந்துகொண்டான். 'டேய், ஒரு நிமிஷம் திரும்பித்தான் பாரேன். இவ்ளோ தூரம் வந்துட்டு.'

நாகை நண்பன் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: 'சாப்பிடும்போது பாக்கறதில்லடா. இருபது வருஷமாச்சு.'

2004 டிசம்பர் 26 அன்று அவன் சென்னையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் அக்கா மகளும் ஊரில், கடற்கரைத் தெருவில். நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். அதில் இந்த இரண்டு பேர். எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அப்போது போன் பண்ணினோம், நான் நேரிலும் போனேன். அமெரிக்கன் ஈமெயில் அனுப்பினான். அதற்கப்புறம் எங்கள் மூன்று பேருக்கும் அது 'சுனாமியில் அவனுக்கு ஏதோ' என்று சுருங்கிவிட்டது. அவனுக்குச் சுருங்கவில்லை.

'பயம்லாம் இல்ல. ஊருக்குப் போனா கரையில நின்னு பேசிட்டுத்தான் வர்றேன். கோபமும் இல்ல, அது சோறு போட்ட கடல். அன்னைக்குக் காலைல அக்கா அடுப்புல குழம்பு கொதிச்சுக்கிட்டிருந்ததுன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. அதனால சாப்பிடும்போது மட்டும்…' என்று நிறுத்திக்கொண்டான்.

என்ன செய்வது என்று தெரியாதபோது ஆண்கள் ஏதாவது பொருளை நகர்த்துவார்கள். வங்கி நண்பன் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் போட்டுக்கொண்டான். நான் மேசையின் தலைமாட்டுக்குப் போனேன். அமெரிக்கன் மட்டும் பழைய இடத்தில், எதிரே. சதுரமாக உட்கார்ந்தோம். அன்றைக்கு முதல் முறையாக நாலு பேரும் ஒரே பேச்சைப் பேசினோம். அக்காவைப் பற்றி நிறையச் சொன்னான். ஹாஸ்டலுக்கு அவள் கொடுத்தனுப்பிய கருவாட்டுத் தொக்கைப் போர்வைக்குள் ஒளித்து வைத்து மூன்று பேரும் தின்ற ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது. வார்டன் வாடையை மோப்பம் பிடித்துக்கொண்டே மாடிப்படி ஏறிவந்தது அமெரிக்கனுக்கு ஞாபகம் வந்தது. அஸ்ஸாம் பையன் தள்ளி நின்று எங்களைப் பார்த்தான். இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் உணவகத்திலிருந்து போனுக்கு ஒரு செய்தி வந்தது. ஆம்பியன்ஸ், சர்வீஸ், வியூ, வேல்யூ ஃபார் மணி என்று நாலு கேள்வி, நாலுக்கும் நட்சத்திரம் போட வேண்டும். சாப்பாடு என்று ஒரு கேள்வியே இல்லை. வியூவுக்கு இருபது நிமிடக் கணக்கில் ஒன்றரை நட்சத்திரம் போட நினைத்தேன். அரை நட்சத்திரம் போட வசதி இல்லை. இறாலுக்கு நாலு போடலாம் என்றால் அதற்குக் கட்டம் இல்லை.

கிளம்பும்போது அமெரிக்கன், ஜூலை வரைக்கும் இருப்பதாகவும், திரும்புவதற்குள் ஒரு தரமாவது நல்ல மீன் சாப்பிட்டே தீருவதாகவும் சொன்னான். நாகை நண்பன் கார் கதவைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டான்.

'ஜூன் பதினாலோட தடை முடியுது. மொத நாளே வராத, கூட்டமும் விலையும் தாங்காது. ஒரு வாரம் கழிச்சு ஊருக்கு வா, நானும் வர்றேன். கிழங்கானும் காரப்பொடியும் வாங்கித் தர்றேன். ஆனா முள்ள நீயேதான் எடுத்துத் தின்னணும்.'